இரவல் முகவரி

மலேசியாவில் ஆறாம் ஆண்டை முடித்த பிள்ளைக்கு ஏதாவது ஒரு தேசிய இடைநிலைப்பள்ளியில் இடம் உண்டு. மதிப்பெண் கேட்க மாட்டார்கள், நேர்முகத் தேர்வு கிடையாது. தமிழ்ப்பள்ளியிலிருந்து போகும் பிள்ளைக்கு மலாய்மொழி போதாது என்றால் ஒரு வருஷம் புகுமுக வகுப்பில் உட்கார வைப்பார்கள். அதுவும் வெளியே தள்ளுவது இல்லை, தாமதப்படுத்துவதுதான். இது என்னவோ சூரியன் உதிப்பது மாதிரி இயற்கையாக நடப்பதாக என் வயதுக்காரர்கள் நினைக்கிறோம். 1964 வரைக்கும் அப்படி இல்லை. ஆரம்பப்பள்ளி முடிவில் இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு என்று ஒன்று இருந்தது. தேறியவர்கள் மேலே போனார்கள், தேறாதவர்களுக்குத் தொடர்கல்விப் பள்ளி என்று ஒன்றைக் காட்டினார்கள், பெரும்பாலோர் அதற்கும் போகாமல் வேலைக்குப் போனார்கள். 1965இலிருந்துதான் தேர்வு இல்லாமல் எல்லாரையும் மேலே ஏற்றும் முறை வந்தது.

எங்கள் சின்னத் தாத்தா அந்தத் தேர்வை 1963இல் எழுதினார். கூலாய் பக்கம் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. தேறவில்லை. மறுவருஷம் கையில் களைக்கொட்டு, அதற்கடுத்து பால்வெட்டுக் கத்தி. இரண்டே வருஷம் பிந்திப் பிறந்திருந்தால் அவரும் படிவம் ஒன்றுக்குப் போயிருப்பார். அவருக்கு அதில் பெரிய வருத்தம் இருந்த மாதிரித் தெரியவில்லை. "நமக்கு மண்டையில ஏறல" என்பார். எனக்கு அந்த வாக்கியம்தான் இன்றும் உறுத்துகிறது. ஓர் அரசாங்க ஏற்பாட்டை, பன்னிரண்டு வயதுப் பையன் தன் மண்டையின் குறை என்று எடுத்துக்கொண்டு எழுபது வயது வரை சுமந்திருக்கிறார்.

அந்த ஏற்பாடு போய்விட்டது. ஆனால் கழிப்பது போய்விட்டதா என்பதுதான் கேள்வி. எல்லாருக்கும் இடம் என்றால் அடுத்த கேள்வி, எந்தப் பள்ளியில்? முழுத் தங்கும் வசதிப் பள்ளிகள், மாரா கல்லூரிகள், சமயப் பள்ளிகள் எல்லாம் தனி ரகம். அவற்றுக்குச் சோதனை உண்டு, விண்ணப்பம் உண்டு. மற்ற சாதாரணப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளைப் பிரிப்பது இரண்டு விஷயங்களை வைத்து. ஒன்று, எந்த ஆரம்பப்பள்ளியிலிருந்து வருகிறாய். இன்னொன்று, எங்கே குடியிருக்கிறாய். திருப்தி இல்லை என்றால் மாவட்டக் கல்வி இலாகாவில் மேல்முறையீடு செய்யலாம். தாளில் பார்த்தால் இதைவிட நடுநிலையான முறை இருக்க முடியாது. முகவரிக்கு இனம் இல்லை, புத்தி இல்லை, மார்க் இல்லை.

ஜொகூர் பாருவில் கொஞ்ச நாள் இருந்தவர்களுக்கு அந்த நடுநிலை எவ்வளவு தூரம் என்று தெரியும். எந்தப் பள்ளி 'நல்ல பள்ளி', எந்தப் பள்ளி 'கேங் பள்ளி' என்று கோப்பிக்கடையில் உட்கார்ந்த ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். அந்தப் பெயர்களில் பாதி பதினைந்து வருஷத்துக்கு முந்தைய கதையை வைத்து ஓடுவது. ஆனால் பெற்றோர் பழைய கதையை நம்பித்தான் ஓடுகிறார்கள், ஓட ஓடக் கதை உண்மையாகிறது. அதோடு 'கேபிள்' என்ற சொல் வேறு. இலாகாவில் ஆள் தெரியுமா, சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் கடிதம் வாங்கலாமா. கேபிள் இல்லாதவர்களுக்கு மிஞ்சுவது முகவரிதான்.

இனி என் பங்குக்கு வருகிறேன். அக்காவும் மாமாவும் மாசாய் பக்கம் மலிவு விலை அடுக்குமாடியில் இருக்கிறார்கள். மாமா காலை நாலரைக்கு மோட்டாரில் சிங்கப்பூருக்குப் போகிறவர். அவர்கள் வட்டாரத்துப் பள்ளிக்கு நல்ல பெயர் இல்லை. பள்ளியின் பெயர் இங்கே தேவையில்லை. நான் போன வருஷம் கடன் எடுத்து ஒரு சின்ன வீடு வாங்கினேன், நகரத்தின் மறுபுறம். வாங்கும்போது எனக்குத் தெரியாது, அதற்கு எதிரே நடந்துபோகும் தூரத்தில் எல்லாரும் கேட்கும் பள்ளி ஒன்று இருக்கிறது. விற்பனை ஏஜென்ட் மட்டும் அதை மூன்று தடவை சொன்னார், நான் தலையாட்டிக்கொண்டே கார் நிறுத்துமிடத்தைப் பற்றிக் கேட்டேன்.

அக்கா மகன் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிட்டாள். "தம்பி, உன் கரண்ட் பில்லு ஒன்னு குடு போதும். பையன் மாமாவோடதான் இருக்கான்னு ஒரு கடிதாசி. ஆணையர் ஆபீஸ்ல சத்தியம் பண்ணி ஒரு சாப்பு குத்துனா முடிஞ்சிச்சு. கொஞ்சக் காசுதான்."

இதைத் தவறு என்று சொல்வது சுலபம். பொய், அதுவும் சத்தியம் செய்து சொல்லும் பொய். ஆனால் அக்காவின் வாதம் முட்டாள்தனமானது இல்லை, அதனால் அதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அவள் சொன்னது மூன்று. எல்லாரும் செய்கிறார்கள். யாருக்கும் நஷ்டம் இல்லை. மூன்றாவதுதான் கனமானது: "உன் ஆபீஸ் மேனேஜர் அந்தப் பள்ளிக்கூடத்துக்காகவே அங்க வீடு வாங்குனாருன்னு நீதானே சொன்ன? அவரு காசு குடுத்து வாங்குனாரு. நான் உங்கிட்ட இரவல் கேக்கறேன். ரெண்டுக்கும் என்னா வித்தியாசம்?"

முதல் இரண்டையும் தள்ளிவிடலாம். எல்லாரும் செய்வது, செய்யாதவனுக்கு இழைக்கும் அநியாயத்தைப் பெரிதாக்குமே தவிரக் குறைக்காது. நஷ்டம் இல்லை என்பதும் சரியில்லை. வகுப்பில் நாற்காலிகள் எண்ணப்பட்டவை. ஒரு பையன் இரவல் முகவரியில் உள்ளே போனால் அந்தத் தெருவில் நிஜமாகவே குடியிருக்கும் யாரோ ஒரு பிள்ளை வேறு பள்ளிக்குப் போகும். அந்தப் பிள்ளைக்கு முகம் இல்லை, பெயர் இல்லை, அதனால் அழுவது நம் காதில் விழாது. அவ்வளவுதான்.

மூன்றாவதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. தள்ளப்படும் பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் மேனேஜரும் அக்காவும் ஒன்றுதான். இருவரும் அதன் நாற்காலியை எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் கையில் விற்பனை ஒப்பந்தம் இருக்கிறது, இன்னொருவர் கையில் கரண்ட் பில். வசதி உள்ளவன் உண்மை பேசியே தன் காரியத்தைச் சாதித்துக்கொள்ளலாம். இல்லாதவன் அதே காரியத்துக்குப் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. பிறகு நாம் முன்னவனை நேர்மையானவன் என்கிறோம்.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து ஏக்ரன் நகரில் கெல்லி வில்லியம்ஸ்-போலார் என்ற தாய், தன் தகப்பனார் வீட்டு முகவரியைக் கொடுத்து இரண்டு மகள்களையும் பக்கத்து வட்டாரப் பள்ளியில் சேர்த்தார். பள்ளி நிர்வாகம் துப்பறிவாளர் வைத்துப் பின்தொடர்ந்தது, சுமார் 30,000 டாலர் கட்டணம் கேட்டது. 2011 ஜனவரியில் ஆவணங்களில் பொய் சொன்ன குற்றத்துக்காக அவர் ஒன்பது நாள் சிறையில் இருந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ஆளுநர் ஜான் கேசிக் குற்றத்தின் தரத்தைக் குறைத்தார். இங்கிலாந்தில் பூல் நகராட்சி 2008இல் ஒரு குடும்பத்தை ஏறக்குறைய மூன்று வாரம் ரகசியமாகக் கண்காணித்தது. ராத்திரி எங்கே தூங்குகிறார்கள் என்று பார்க்க. பயங்கரவாதிகளையும் பெரிய குற்றவாளிகளையும் பிடிப்பதற்கென்று பலர் நினைத்திருந்த சட்டத்தின் கீழ். அந்தக் குடும்பம் சொன்னது உண்மைதான் என்று தெரிந்தது. 2010இல் நடுவர் மன்றம் அந்தக் கண்காணிப்பே சட்டவிரோதம் என்றது. ஒரு கழிக்காத பள்ளியின் வாசலைக் காக்க எவ்வளவு போலீஸ் வேலை தேவைப்படுகிறது பாருங்கள்.

அப்படியானால் அக்காவுக்குப் பில்லைக் கொடுத்துவிட வேண்டியதுதானா? இரண்டு மூன்று நாள் இதையே யோசித்தேன். மேனேஜர் செய்வதும் அக்கா கேட்பதும் தள்ளப்படும் பிள்ளைக்கு ஒன்றே என்றால், அதிலிருந்து அக்கா செய்வது சரி என்று வராது. மேனேஜர் செய்வதும் அவ்வளவு சுத்தம் இல்லை என்றுதான் வரும். அதோடு பொய்க்கு இன்னொரு செலவு இருக்கிறது, அதைக் கட்டப்போவது அக்கா இல்லை, பையன். படிவம் ஒன்றிலிருந்து ஐந்து வரை, புகுமுக வகுப்பு வந்தால் ஆறு வருஷம், அவன் தன் வீடு எது என்று கேட்டால் யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். நண்பனை வீட்டுக்குக் கூப்பிட முடியாது. காய்ச்சல் என்று ஆசிரியர் வீட்டில் விட வந்தால் பயப்பட வேண்டும். நல்ல பள்ளியில் அவன் கற்கும் முதல் பாடம் தன் முகவரி வெட்கப்பட வேண்டியது என்பது. சின்னத் தாத்தா மண்டையில் ஏறவில்லை என்று நம்பியதற்கும் இதற்கும் பெரிய தூரம் எனக்குத் தெரியவில்லை.

ஆடம் ஸ்விஃப்ட் என்ற பிரிட்டிஷ் சிந்தனையாளர் 2003இல் இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார், பள்ளி தேர்ந்தெடுப்பதில் குழம்பிய பெற்றோருக்காக. அவர் பெற்றோரைத் திட்டவில்லை. தன் பிள்ளைமேல் தனிப் பாசம் நியாயமானதுதான் என்கிறார். கேள்வி, அந்தப் பாசம் எது வரைக்கும் போகலாம் என்பது. வட்டாரப் பள்ளி பிள்ளைக்கு உண்மையில் கெடுதல் செய்யும் அளவு மோசம் என்றால் வெளியே எடுக்கலாம். போதுமானது, ஆனால் சிறந்தது இல்லை என்றால், மற்றப் பிள்ளைகளைத் தாண்டி முன்னே நிற்க வைப்பதற்காக மட்டும் எடுப்பதற்கு அந்த அனுமதி கிடையாது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் 'போதுமானது' என்பதை யார் அளப்பது? அக்காவிடம் கேட்டேன், அந்தப் பள்ளிக்குள் எப்போதாவது போயிருக்கிறாயா என்று. போகவில்லை. வெளியே வாசலில் பையன்கள் நிற்பதைப் பார்த்திருக்கிறாள்.

நான் பொறியியல் படித்தவன், உள்ளூர்ப் பல்கலைக்கழகம்தான். மனிதர்களைத் திருத்துவதைவிட அமைப்பைத் திருத்துவது சுலபம் என்று நம்பும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. அதனால் பாஸ்டன் நகரக் கதை எனக்குப் பிடிக்கும். அங்கே பெற்றோர் பள்ளிகளை வரிசைப்படுத்திக் கொடுப்பார்கள். முதல் விருப்பமாகக் கேட்டவர்களுக்கே முதலில் இடம். உண்மையாக மிகப் பிடித்த பள்ளியை முதலில் எழுதி, அது கிடைக்காமல் போனால், இரண்டாவது பள்ளியும் அதற்குள் நிறைந்திருக்கும். ஆக, உண்மையை எழுதியவன் தோற்றான், சூத்திரம் தெரிந்தவன் பொய்யாக வரிசைப்படுத்தி ஜெயித்தான். எப்படிப் பொய் எழுதுவது என்று பேசுவதற்கே பெற்றோர் கூட்டம் போட்டார்கள். 2003இல் அப்துல்காதிரோலு, சொன்மெஸ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் இதைக் கணிதமாகக் காட்டினார்கள். கேல், ஷேப்லி இருவரும் 1962இல் எழுதிய வழிமுறையை ஒட்டி 2005இல் பாஸ்டன் முறையை மாற்றியது. புதிய முறையில் உண்மையான விருப்பத்தை எழுதுவதால் யாரும் எதையும் இழப்பதில்லை. நேர்மையாக இருப்பதற்குத் தியாகி ஆக வேண்டியதில்லை.

ஆனால் அங்கேயும் இடம் போதாத பள்ளிக்குக் குலுக்கல்தான். இங்கிலாந்தின் பிரைட்டன் நகரம் 2008 சேர்க்கைக்கு, ஒரு வட்டாரத்துக்குள் பிள்ளைகள் அதிகமானால் தூரத்தை அளக்காமல் குலுக்கிப் போடும் முறையைக் கொண்டுவந்தபோது பெற்றோர் கொதித்தார்கள். எனக்கென்னவோ நம்மவர்களுக்கு அது அந்நியமாக இருக்கக் கூடாது என்று தோன்றுகிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை முறை இருக்கிறது, 919, 921ஆம் ஆண்டுகள். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வது. பள்ளிப் பாடத்தில் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். ஒன்றை மட்டும் சொல்ல மாட்டார்கள். அந்தக் குடத்துக்குள் பெயர் விழ வேண்டும் என்றால் வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பும் குலுக்கலுக்கு முன்னால் முகவரி கேட்டிருக்கிறார்கள்.

அமைப்பு மாறும்வரை அக்கா என்ன செய்வது என்ற கேள்விக்கு பாஸ்டனும் பதில் சொல்லாது, உத்திரமேரூரும் சொல்லாது. எனக்கு ஒரு வழியைக் காட்டியது நம் நாட்டுச் சட்டத்தில் இருக்கும் ஓர் எண்தான். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, ஒரு தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்புக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். பதினைந்து பேர் கேட்டால் அது பள்ளியின் கடமை. பதினான்கு என்றால் தலைமையாசிரியரின் தயவு.

ஒரு குடும்பம் வெளியேறினால் பள்ளிக்கு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. இருபது பேர் பத்தொன்பது ஆவார்கள். அடுத்த குடும்பமும் அதையே சொல்லும், அதுவும் உண்மைதான். பதினைந்தாவது ஆள் வெளியேறும்போதும் அவரும் ஒரே ஒரு பிள்ளையைத்தான் எடுக்கிறார், முன்னால் போனவர்களைவிட எந்த விதத்திலும் அதிகமாகத் தவறு செய்யவில்லை. ஆனால் வகுப்பு போய்விட்டது. டெரெக் பார்ஃபிட் 1984இல் வந்த தன் நூலில் இந்த மாதிரிக் கணக்கைப் பற்றித்தான் கவலைப்பட்டார்: ஒவ்வொருவர் செய்வதும் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது, கூட்டிப் பார்த்தால் ஒருவர் முதுகு ஒடிந்திருக்கிறது. அவருடைய உதாரணங்கள் எல்லாம் கற்பனை. நம்முடையது தமிழ் ஆசிரியர் இல்லாமல் எஸ்.பி.எம். தமிழ் எழுதும் பிள்ளை.

இன்னொன்றும் உண்டு. முதலில் வெளியேறுவது யார்? அக்கறை உள்ளவர்கள். பில் தேடத் தெரிந்தவர்கள், இலாகாவுக்குப் போய்ப் பேசத் தெரிந்தவர்கள். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் சொன்னது இதுதான்: தரம் குறைவதை முதலில் உணர்கிறவர்களே முதலில் போகிறார்கள், சத்தம் போட்டுச் சரிசெய்யக் கூடியவர்களும் அவர்களே. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்கக் கூடிய அக்கா, இரவல் முகவரியில் வேறு சங்கத்துக்குப் போய்விடுகிறாள். மிச்சம் இருப்பவர்கள் பேசாதவர்கள். பிறகு அந்தப் பள்ளியைப் பார்த்து 'அங்க யாருமே அக்கறை எடுக்கறதில்ல' என்கிறோம்.

இதையெல்லாம் இவ்வளவு ஒழுங்காக இல்லை, திக்கித் திக்கித்தான் அக்காவிடம் சொன்னேன். பில் தர மாட்டேன், மேல்முறையீட்டுக் கடிதம் நான் எழுதித் தருகிறேன், நிஜ முகவரியில், நிஜக் காரணத்தோடு என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள், "உனக்குப் பிள்ளை இல்ல லா தம்பி. அதான் நியாயம் பேசற."

இதற்குப் பதில் சொல்ல முடியாது என்று பலர் நினைப்பார்கள். நானும் மழுப்ப விரும்பவில்லை. பிள்ளை இருந்தால் நான் வேறு மாதிரி நடந்துகொள்ளலாம், ஒருவேளை பில்லை நானே தேடி எடுப்பேன். ஆனால் பசியில் இருப்பவன் சோறு பங்கு போடக் கூடாது என்று நம் வீடுகளில் பெரியவர்கள் அகப்பையைப் பாட்டியிடம் கொடுத்தது ஏன்? பிள்ளை இல்லாதவனுக்குத்தான் எதிர்த் தெருவில் இருக்கும் முகம் தெரியாத பிள்ளையைக் கொஞ்சம் எட்டிப் பார்க்க முடிகிறது. அது பெருமைப்பட வேண்டிய விஷயம் இல்லை, நின்றிருக்கும் இடத்தின் வசதி. நானும் பெயர் இல்லாத ஒரு பள்ளியில், மத்தியானப் பள்ளிக்கூடத்தில் வியர்த்து வழிந்து படித்தவன்தான். அதை ஆதாரமாகக் காட்ட மாட்டேன். என் வகுப்பில் இருந்த முப்பத்தெட்டுப் பேரில் இப்படிக் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பவன் நான் ஒருவன். மிச்சப் பேரையும் கேட்டால்தான் அது ஆதாரம்.

மாமா தான் முடிவு செய்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. "அங்கேருந்து இங்க வேன் காசு யாரு கட்டறது?" என்றார். தத்துவம் இரண்டு வாரம் செய்த வேலையை வேன் காசு ஒரு நிமிஷத்தில் முடித்தது. கடிதம் அனுப்பினோம், மேல்முறையீடு தள்ளுபடி ஆனது. பையன் வட்டாரப் பள்ளியில் சேர்ந்தான், நேராகப் படிவம் ஒன்று, மத்தியான வகுப்பு. முதல் வாரம் அக்கா வாசலிலேயே நின்றாள். மூன்றாவது வாரம் உள்ளே போய் தமிழ் வகுப்பு எப்போது என்று கேட்டாள். போன வருஷம் பெயர் சேரவில்லை, அதனால் இல்லை என்றார்கள்.

இப்போது அவள் கையில் ஒரு பாரம் இருக்கிறது. அடுக்குமாடியில் படிப்படியாக ஏறி இறங்கிப் பதின்மூன்று கையெழுத்து வாங்கிவிட்டாள். இன்னும் இரண்டு வேண்டும். அதே புளோக்கில் ஏழாவது மாடியில் ஒரு குடும்பம், இரட்டைப் பிள்ளைகள், தமிழ்ப்பள்ளியில் பையனோடு படித்தவர்கள். அவர்கள் இப்போது நகரத்தின் மறுபுறம் படிக்கிறார்கள், யாரோ சித்தப்பா முகவரியில். நேற்று ராத்திரி அக்கா கூப்பிட்டுக் கேட்டாள், போய்க் கதவைத் தட்டட்டுமா, தட்டினால் என்ன சொல்வது என்று. நான் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.